பின்னலும் கலப்பும்: ஒரு கிரேக்கச் சொல்லின் பயணம்

இன்றைய ஏதென்ஸ் நாளிதழ் ஒன்றின் தலைப்பில் 'சிம்ப்ளோக்கி' என்ற சொல் இருந்தால், எங்கோ அடிதடி நடந்திருக்கிறது என்று பொருள். காவலர்களும் ஆர்ப்பாட்டக்காரர்களும் மோதியிருக்கலாம். இரு கால்பந்து அணிகளின் ரசிகர்கள் வீதியில் சண்டையிட்டிருக்கலாம். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் இதே சொல்லைப் பிளேட்டோ வேறொன்றுக்குப் பயன்படுத்தினார். மனிதரின் பேச்சு எப்படிப் பிறக்கிறது என்பதை விளக்க அவருக்குக் கிடைத்த சொல் அதுதான். பழைய வடிவில் அது 'சிம்ப்ளோக்கே'. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள்.

சண்டைக்கும் பேச்சுக்கும் ஒரே சொல்லா என்று வியக்க வேண்டியதில்லை. தமிழில் நாம் 'கைகலப்பு' என்கிறோம். இருவர் அடித்துக்கொள்ளும்போது கைகள் கலந்துவிடுகின்றன என்று நம் மொழி பார்த்தது; கைகால்கள் பின்னிக்கொள்கின்றன என்று கிரேக்கம் பார்த்தது. கிரேக்க மல்யுத்த வீரர்களின் பிடியும் சிம்ப்ளோக்கேதான், காதலரின் தழுவலும் சிம்ப்ளோக்கேதான். ஆனால் கலப்பதும் பின்னுவதும் ஒன்றல்ல. பாலில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க முடியாது. பின்னலில் மூன்று புரிகள் இருந்தால், பின்னிய பிறகும் அவை மூன்றே. அவிழ்த்தால் தனித்தனியாக வந்துவிடும். அவிழ்க்காதவரை, மூன்றும் தனித்தனியே தாங்க முடியாத பாரத்தைச் சேர்ந்து தாங்கும். இந்தச் சிறிய வேறுபாட்டை வைத்துக்கொண்டு கிரேக்கர்கள் அணுவையும் வாக்கியத்தையும் அரசையும் உலக வரலாற்றையும் சிந்தித்தார்கள் என்பதே இச்சொல்லின்பால் என்னை ஈர்த்தது.

இதன் வேர் 'ப்ளெக்கோ' என்னும் வினை. கூந்தலைப் பின்னுவது, கூடை முடைவது, வலை பின்னுவது, மாலை தொடுப்பது, சூழ்ச்சி செய்வது ஆகிய அனைத்துக்கும் அது பொதுவானது. ஹோமரின் காவியங்களில் தேவதைகள் பலருக்கு 'அழகிய பின்னலுடையாள்' என்ற அடைமொழி உண்டு. அதிலும் இந்த வேர்தான். இதற்கு உறவான லத்தீன் வினையிலிருந்து 'பிளெக்சஸ்', 'காம்ப்ளெக்ஸ்' முதலிய சொற்கள் கிளைத்தன. நம் ஊர் வணிக வளாகத்தின் பெயர்ப்பலகையில் 'காம்ப்ளெக்ஸ்' என்று எழுதியிருக்கிறதே, அதன் பொருளும் 'சேர்த்துப் பின்னியது' என்பதுதான். (வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்தால் அந்தப் பொருள் சரியாகவே படும்.)

தமிழில் இந்தத் தொழில்களுக்குத் தனித்தனி வினைகள் உள்ளன. ஓலையை முடைகிறோம், கூந்தலைப் பின்னுகிறோம், துணியை நெய்கிறோம், கூரையை வேய்கிறோம், மணியைக் கோக்கிறோம். கிரேக்கத்திலும் நெய்தலுக்குத் தனிச்சொல் உண்டு. ஆயினும் நெய்தலைப் பின்னலின் ஒரு வகையாகவே அவர்கள் கண்டார்கள். பாவும் ஊடும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே நெசவு என்று பிளேட்டோ வரையறுத்தார். இந்த வரையறை பின்னால் பெரிய வேலை ஒன்றைச் செய்யப்போகிறது.

அதற்குமுன், அவர் மனத்தில் இருந்த தறி எத்தகையது என்பதையும் பார்த்துவிட வேண்டும். கிரேக்கர்களின் தறி நம்முடையதைப்போல் கிடைமட்டமானது அன்று. சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்டது. மேலே ஒரு குறுக்குக் கட்டை; அதிலிருந்து பாவு நூல்கள் கீழே தொங்கும். அவை தளராமலிருக்க, கொத்துக் கொத்தாகச் சேர்த்து அடியில் சுட்ட களிமண் எடைகளைக் கட்டுவார்கள். கிரேக்க வீடுகளை அகழும் தொல்லியலாளர்களுக்கு மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள்களில் இந்த எடைகளும் ஒன்று. மரத்தறி மட்கிவிட்டது, துணி மட்கிவிட்டது, நெய்தவளின் பெயரும் போய்விட்டது. இழுத்துப் பிடித்த மண்கட்டி மட்டும் எஞ்சியிருக்கிறது. பாவு நூலை இறுக்கமாக முறுக்குவார்கள். ஊடு நூலைத் தளர்வாகவும் மென்மையாகவும் நூற்பார்கள். இரண்டும் ஒரே வகை முறுக்காக இருந்தால் நல்ல துணி வராது.

இந்தத் தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் அடிமைப் பெண்களும். ஏதென்ஸ் நகரின் தலையாய சமயச் சடங்கு ஒன்றே நெசவைச் சார்ந்திருந்தது. நான்காண்டுக்கு ஒருமுறை நடந்த மாபெரும் பானதெனையா திருவிழாவில், அதீனா தேவிக்குப் புதிதாக நெய்த 'பெப்ளோஸ்' என்னும் ஆடை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படும். தேவர்களுக்கும் அரக்கர்களுக்கும் நடந்த போர் அதில் நெய்யப்பட்டிருக்கும். பார்த்தினான் கோயிலின் கிழக்குப் புறச் சிற்ப வரிசையில் மடித்த துணி ஒன்றைக் கையாளும் காட்சி உள்ளது; அந்தத் துணி இந்த ஆடையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தக் கல் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி, இச்சொல்லைச் சிந்தனையாளர்கள் எடுத்தாண்ட விதத்துக்கு வருவோம்.

லூசிப்பஸும் அப்தேரா நகரத்து டெமாக்ரிட்டஸும் உலகம் அணுக்களாலும் வெற்றிடத்தாலும் ஆனது என்றார்கள். அப்படியானால் கல் ஏன் கல்லாக நிற்கிறது? தூசாக உதிர்ந்துவிடாமல் அணுக்களைப் பிடித்துவைப்பது எது? பின்னல் என்பது அவர்களுடைய விடை. அணுக்களில் சில கொக்கி போன்றவை, சில குழிந்தவை, சில புடைத்தவை. ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. வலுவான வேறொரு விசை வந்து பிரிக்கும்வரை அவை சேர்ந்திருக்கின்றன. இதை நமக்குச் சொல்பவர் அரிஸ்டாட்டில். டெமாக்ரிட்டஸைப் பற்றி அவர் எழுதிய நூல் அழிந்துவிட்டது. அதன் ஒரு பகுதியை 6-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் சிம்ப்ளீஷியஸ் எடுத்தெழுதியதால் நமக்குக் கிடைத்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இவ்வாறு சிக்கிக்கொண்ட அணுக்கள் எவ்வளவு நெருங்கினாலும் உண்மையில் ஒன்றாகிவிடுவதில்லை என்றும், இரண்டு ஒன்றாகும் என்று நினைப்பதே பேதைமை என்றும் டெமாக்ரிட்டஸ் கருதினாராம். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கல், அவர் கணக்கில் ஒரு கூட்டம் மட்டுமே.

பிளேட்டோவின் 'சோபிஸ்ட்' உரையாடலில் சிக்கல் வேறு. எல்லாவற்றையும் எல்லாவற்றிலிருந்தும் பிரித்து வைப்பவன் பேச்சையே அழித்துவிடுகிறான் என்று அதில் வரும் எலேயா நகரத்து விருந்தினர் வாதிடுகிறார். கருத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் பேச்சு பிறக்கிறது. அவர் காட்டும் சான்று மிக எளியது. நடக்கிறான், ஓடுகிறான், உறங்குகிறான் என்று வினைகளை மட்டும் அடுக்குங்கள், வாக்கியம் வராது. சிங்கம், மான், குதிரை என்று பெயர்களை மட்டும் அடுக்குங்கள், அப்போதும் வராது. ஒரு பெயரும் ஒரு வினையும் பின்னிக்கொள்ளும் கணத்தில்தான் எதையாவது சொன்னவர்கள் ஆகிறோம். ஊடு நூலை மட்டும் குவித்து வைத்தால் துணியாகாது அல்லவா?

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. பொய்யும் அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. எதிரில் அமர்ந்திருக்கும் தீயடெட்டஸ் என்ற இளைஞனைக் காட்டி, 'தீயடெட்டஸ்' என்றால் அதில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. 'பறக்கிறான்' என்றாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால் பொய். அரிஸ்டாட்டில் தம் 'வகைமைகள்' நூலின் தொடக்கத்திலேயே இதை விதியாக்கிவிடுகிறார். பின்னலோடு சொல்லப்படுவன, பின்னலின்றிச் சொல்லப்படுவன என்று கூற்றுகளை இரண்டாகப் பிரித்து, மெய்யும் பொய்யும் முன்னதற்கு மட்டுமே உரியவை என்கிறார். கலைக்கும் இந்தச் சொல்லை அவர் விடவில்லை. நாடகக் கதையின் முடிச்சை அவர் 'ப்ளோக்கே' என்றார். பலர் நன்றாகப் பின்னிவிட்டு மோசமாக அவிழ்க்கிறார்கள் என்று குறையும் பட்டுக்கொண்டார். இன்றைய கிரேக்கத்தில் கதைப்பின்னலுக்கு அதுவே பெயர். தமிழிலும் நாம் 'கதைப்பின்னல்' என்றே சொல்கிறோம்.

ஸ்டோயிக் தத்துவவாதிகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பல கூற்றுகளை 'உம்' இட்டு இணைத்துச் சொல்லும் கூட்டுக்கூற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சேர்த்துப் பின்னப்பட்டது' என்னும் பொருளுடையது. அதற்கு அவர்கள் வகுத்த விதி கடுமையானது. பின்னிய கூற்றுகளில் ஒன்றே ஒன்று பொய்யானாலும் முழுவதும் பொய். ஒன்பது உண்மையும் ஒரு பொய்யும் சேர்ந்தால் அது பெரும்பாலும் உண்மை என்று சொல்லக்கூடாதா? கூடாது என்பதற்கு அவர்கள் சொன்ன உவமை ஆடை. ஓரிடத்தில் சிறிதளவு கிழிந்த மேலாடையை, பெரும்பகுதி நன்றாக இருக்கிறது என்பதால் கிழியாத ஆடை என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சிறு கிழிசலை வைத்தே அது கிழிந்தது என்கிறோம். இந்த உவமையை நமக்காகக் காப்பாற்றி வைத்தவர் அவர்களுடைய எதிராளியான ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ். மறுப்பதற்காகவே அவர் அதை எடுத்தெழுதினார்.

அவருடைய மறுப்பைவிட ஸ்டோயிக்குகளின் கண்டிப்பே எனக்கு உவப்பானது. கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளைப் பாருங்கள். முழுப் பொய்யாக வருவன குறைவு. அவற்றை நம்புவோரும் குறைவு. ஊர் பெயர் உண்மை, தேதி உண்மை, நிழற்படம் உண்மை, அவற்றினூடே ஒரே ஓர் இழை பொய். அந்த ஓர் இழைக்காகவே மற்ற இழைகள் நெய்யப்பட்டிருக்கும். அதைச் சுட்டிக்காட்டினால், 'மற்றதெல்லாம் சரிதானே' என்று பதில் வரும். சதவீதக் கணக்கு செல்லாத இடம் அது என்பதை அந்தப் பழைய தருக்கவாதிகள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் இந்த விதிக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். ஸ்கிப்பியோ இருமுறை கான்சல் பதவி வகித்தார், வெற்றி ஊர்வலம் வந்தார், சென்சாராக இருந்தார், அப்பதவியில் மம்மியஸ் அவருக்கு உடன்பதவியாளராக இருந்தார் என்பன அதன் உறுப்புகள். இவற்றில் ஒன்று தவறினாலும் முழுவதும் பொய். ஸ்கிப்பியோ, மம்மியஸ் என்ற இந்த இரு பெயர்களும் இக்கட்டுரையில் மறுபடி வரும்.

சொல் சில நேரம் இல்லாததையும் காட்டிவிடும். சிம்ப்ளோக்கேயின் உடன்பிறப்பான 'ப்ளெக்மா' என்னும் சொல்லுக்கு மருத்துவத்தில் அப்படியொரு வரலாறு உண்டு. கி.பி. 129-இல் பெர்காமம் நகரில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற மருத்துவர் கேலன், மூளையின் அடியில் தமனிகளால் ஆன 'வலைவடிவப் பின்னல்' ஒன்று இருப்பதாக விரிவாக எழுதினார். மீனவர் வலைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாற்போன்றது அது என்றார். உடலின் உயிர்க்காற்று அந்தப் பின்னலுக்குள் நுழைந்து, சுற்றித் திரிந்து, மனத்தின் காற்றாகப் பக்குவப்படுகிறது என்பது அவர் கோட்பாடு. மாட்டிலும் ஆட்டிலும் பன்றியிலும் அந்தப் பின்னல் உண்மையாகவே இருக்கிறது. மனிதனில் இல்லை. கேலன் அறுத்துப் பார்த்தவை விலங்குகளின் உடல்கள்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்கள் இல்லாத பின்னலை மனித மூளையில் கண்டார்கள். 1520-களில் பொலோனாவின் பெரங்காரியோ, தேடித் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 1538-இல் வெளியிட்ட படங்களில் அதை வரைந்துகாட்டிய வெசாலியஸ், 1543-இல் வெளிவந்த தம் பெருநூலில் அதை மறுத்தார். பொது அரங்கில் மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போதெல்லாம் ஓர் ஆட்டின் அல்லது மாட்டின் தலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னலைக் காட்டிவந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். மருத்துவ வரலாற்றில் இதைவிட நேர்மையான வரிகளை நான் அதிகம் வாசித்ததில்லை.

உண்மையான பின்னல்கள் உடலில் உண்டு. கழுத்திலிருந்து நான்கும் மார்பின் மேற்பகுதியிலிருந்து ஒன்றுமாக ஐந்து நரம்பு வேர்கள் தோளருகே பின்னிக் கைக்குள் இறங்குகின்றன. இழைகள் இடம் மாறிச் சேர்கின்றனவே தவிர, ஒன்றில் ஒன்று கரைவதில்லை. அதனால் கையின் பெரும்பாலான தசைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களிலிருந்து இழை வருகிறது. ஒரு வேர் அறுந்தால் பல தசைகள் தளரும், ஆனால் கை முழுவதும் செயலற்றுப் போகாது.

அரசியலுக்கு வருகிறேன். நாட்டை நெசவாகக் கண்ட உவமை பிளேட்டோவுடையது என்றே பலரும் எழுதுகிறார்கள். அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அது ஏதென்ஸ் நாடக மேடையில் ஒரு பெண்பாத்திரத்தின் வாயில் வந்துவிட்டது. கி.மு. 411-இல் அரங்கேறிய அரிஸ்டாஃபனீஸின் 'லைசிஸ்ட்ராட்டா' நகைச்சுவை நாடகம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்தான் சிசிலியில் ஏதென்ஸின் பெரும்படை அழிந்திருந்தது. போரை நிறுத்த வேண்டி இரு தரப்புப் பெண்களும் கணவன்மாரை ஒதுக்கிவைக்கிறார்கள். கருவூலம் இருந்த அக்ரோபொலிஸ் குன்றையும் கைப்பற்றுகிறார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, சிக்கிக்கிடக்கும் இத்தனை விவகாரங்களை நீங்கள் எப்படித் தீர்ப்பீர்கள் என்று ஏளனமாகக் கேட்கிறார். நூல் சிக்கினால் கதிரில் இப்படியும் அப்படியுமாக இழுத்துச் சிக்கெடுக்கிறோமே, அப்படித்தான் தூதர்களை இங்கும் அங்கும் அனுப்பிப் போரைச் சிக்கெடுப்போம் என்கிறாள் லைசிஸ்ட்ராட்டா.

அவள் அதோடு நிறுத்தவில்லை. ஆட்டு மயிரிலிருந்து ஆடைவரை முழுச் செய்முறையையும் நகரத்துக்குப் பொருத்துகிறாள். முதலில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும். ஒட்டிய முட்களைப் பொறுக்கி எறிய வேண்டும். பதவிக்காகக் கூட்டுச் சேர்ந்து கட்டியாகிப்போனவர்களைச் சிக்குப் பிரித்துப் பிய்த்தெடுக்க வேண்டும். பிறகு எல்லாரையும் நல்லெண்ணம் என்னும் ஒரே கூடையில் போட வேண்டும். ஊரில் தங்கிய அயலார், நட்பாக இருக்கும் வெளியூரார், கருவூலத்துக்குக் கடன்பட்டோர் ஆகிய அனைவரும் அதில் அடக்கம். தூரத்துக் குடியேற்ற நகரங்கள் உதிர்ந்த மயிர்த்துணுக்குகளாய்க் கிடக்கின்றன. அவற்றையும் கூட்டிச் சேர்க்க வேண்டும். இத்தனையையும் ஒரே உருண்டையாகச் சுற்றி, அதிலிருந்து மக்களுக்கு மேலாடை நெய்ய வேண்டும். அதிகாரி சிரிக்கிறார்: போரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? பெற்றுப் போர்க்களத்துக்கு அனுப்புகிறவர்கள் நாங்கள் அல்லவா என்பது அவள் பதில்.

இதை எழுதியவர் ஆண், நடித்தவரும் ஆண், சிரித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை மறக்கவில்லை. அந்தக் கூடையில் அடிமைகளுக்கு இடமில்லை என்பதையும் மறக்கவில்லை. ஆயினும் குடியுரிமையின் எல்லைக்கு வெளியே நின்றவர்களை உள்ளே இழுத்த அரசியல் திட்டம் அது. நெய்கிறவளின் கையறிவிலிருந்து பிறந்தது என்பதால்தான் அதில் இத்தனை துல்லியம்.

பிளேட்டோவின் 'அரசறிஞர்' உரையாடல் பல பத்தாண்டுகள் பிந்தியது. ஆட்சிக்கலை எதைப் போன்றது என்று தேடி, அவர் நெசவை முன்மாதிரியாக எடுக்கிறார். சிக்கெடுத்தல், முறுக்குதல், நூற்றல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகும் அந்தப் பகுதி நீளமானது. இவ்வளவு நீட்டியதற்கு உரையாடலுக்குள்ளேயே விளக்கம் சொல்லவேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நீளத்தின் முடிவில் அரிய கருத்து ஒன்று காத்திருக்கிறது. துணிவும் அடக்கமும் இரண்டும் நற்குணங்களே, ஆனால் ஒன்றுக்கொன்று பகை என்கிறார் பிளேட்டோ. அமைதி விரும்பிகள் மட்டும் ஆண்டால், நகரம் தன்னையறியாமல் போரிடும் திறனை இழந்து அயலாருக்கு அடிமையாகும். துணிச்சல்காரர்கள் மட்டும் ஆண்டால், ஓயாமல் போர்களில் இறங்கி நகரத்தை அழிப்பார்கள். இயல்பாக விட்டால், ஒவ்வொரு வகையாரும் தம் வகையிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து மேலும் விலகிப்போவார்கள்.

அரசறிஞர் செய்யவேண்டியது இருவகையாரையும் சராசரியாக்குவதன்று. முறுக்கான பாவாகத் துணிவுடையோர், மென்மையான ஊடாக அடக்கமுடையோர். இருவரையும் குறுக்கும் நெடுக்குமாக நெய்ய வேண்டும். நல்லது எது, நீதி எது என்பதில் பகிர்ந்துகொண்ட நம்பிக்கை ஒரு கட்டு. இருவகையார்க்கும் இடையே திருமணம் மற்றொரு கட்டு. பதவிகளிலும் இருசாராரும் சேர்ந்திருக்க வேண்டும். பாவு பாவாகவே இருக்கும், ஊடு ஊடாகவே இருக்கும். துணி அவற்றின் வேற்றுமையால்தான் உருவாகிறது. 'ஒருமைப்பாடு' என்று மேடைகளில் பேசப்படும்போதெல்லாம், பேசுபவர் மனத்தில் இருப்பது இந்தத் துணியா, அல்லது எல்லாவற்றையும் போட்டு உருக்கும் கொப்பரையா என்று கவனிக்க நான் பழகிக்கொண்டேன். பெரும்பாலும் கொப்பரைதான்.

இந்த உவமையின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நெய்வதற்குமுன் மயிரைச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லவா? பிளேட்டோ அதையும் உவமையோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். நற்குணத்தில் பங்குகொள்ள இயலாதவர்களைக் கொலை, நாடுகடத்தல், இழிவு ஆகியவற்றால் களைந்தெறிய வேண்டும். அறியாமையில் உழல்வோரை அடிமை நுகத்தில் பூட்ட வேண்டும் என்கிறார். லைசிஸ்ட்ராட்டாவும் முட்களைப் பொறுக்கத்தான் சொன்னாள். எது மயிர், எது முள் என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்விக்கு இருவரிடமும் விடையில்லை. இன்னொன்று, நெசவாளி துணிக்கு வெளியே நிற்கிறார். அவர் இழைகளுள் ஒருவரல்லர். இழைகள் தம்மைத் தாமே நெய்துகொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் நாம் குடியாட்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். பிளேட்டோவுக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை.

சிம்ப்ளோக்கேயை உலக அளவுக்கு விரித்தவர் மெகலோபொலிஸ் நகரத்து வரலாற்றாசிரியர் பாலிபியஸ். கிரேக்கத்தின் அக்கேயக் கூட்டமைப்பிலிருந்து ரோமானியர்கள் இத்தாலிக்குக் கொண்டுபோன 1,000 பேருள் ஒருவராக கி.மு. 167 வாக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார். 17 ஆண்டுகளுக்குப் பிறகே அவர்களில் எஞ்சியோர் விடுவிக்கப்பட்டார்கள். அங்கேதான் இளம் ஸ்கிப்பியோவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அவர் எழுதிய வரலாறு 40 பகுதிகள் கொண்டது. முழுமையாகக் கிடைத்திருப்பவை ஐந்து மட்டுமே. முற்காலத்தில் உலக நிகழ்ச்சிகள் சிதறிக்கிடந்தன. தம் காலத்துக்குச் சற்று முன்பிருந்து இத்தாலி, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் விவகாரங்கள் கிரேக்கம், ஆசியா ஆகியவற்றின் விவகாரங்களோடு பின்னிக்கொண்டன. அதனால் வரலாறே ஓர் உடல்போல் ஆகிவிட்டது என்பது அவருடைய மையக் கருத்து. இன்று உலகமயம் என்று நாம் பேசுவதற்கு ஏறத்தாழ அவர் வைத்த பெயர் சிம்ப்ளோக்கே.

அந்தப் பின்னல் விழுந்த இடத்தையும் ஆண்டையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். கி.மு. 217. மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப் நெமியா விளையாட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ட்ராசிமேனே ஏரிக்கரையில் ஹன்னிபால் ரோமானியரை முறியடித்த செய்தி வருகிறது. கிரேக்கருக்குள் நடந்துகொண்டிருந்த போரை முடித்துக்கொண்டு மேற்கே பார்க்கலாம் என்ற யோசனை மன்னருக்குச் சொல்லப்படுகிறது. நவ்பாக்டஸில் சமாதானப் பேச்சு. அங்கே அகெலாஸ் என்பவர் எழுந்து, மேற்கில் திரளும் மேகத்தைப் பாருங்கள் என்று எச்சரிக்கிறார். ஆற்றைக் கடப்பவர்கள் கைகோத்துக்கொள்வதுபோல் கிரேக்கர்கள் சேர்ந்து நிற்க வேண்டும், இல்லையேல் சமாதானம் செய்வதா போரிடுவதா என்று தீர்மானிக்கும் உரிமைகூட நமக்கு இராது என்கிறார்.

சமாதானம் கையெழுத்தானது. கோத்த கைகள் நெடுநாள் நிலைக்கவில்லை. கி.மு. 146-இல் ஸ்கிப்பியோ கார்த்தேஜ் நகரை அழித்தார். அருகில் பாலிபியஸ் நின்றார். அதே ஆண்டில் மம்மியஸ் கொரிந்து நகரைச் சூறையாடி எரித்தார். கெல்லியஸின் எடுத்துக்காட்டில் வரும் இருவரும் இவர்களே. நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து சென்சார் பதவி வகித்தார்கள். பாலிபியஸ் விவரித்த பின்னலில் ஒரு கை மற்றக் கைகளை முறுக்கிவிட்டது.

கொரிந்துக்குப் பிறகு கிரேக்கத்தைச் சீரமைக்க வந்த பத்து ரோமானிய ஆணையர்கள் நாடு திரும்பும்போது பாலிபியஸிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள். கிரேக்க நகரங்களுக்கு ஊர் ஊராகப் போய், மக்கள் புதிய சட்டங்களுக்குப் பழகும்வரை, அவர்களுக்குள் எழும் வழக்குகளின் சிக்கலை அவிழ்ப்பது அந்த வேலை. அதை அவர் செய்து முடித்தார். அந்த ஊர்களில் சில அவருக்குச் சிலை வைத்தன.